திரும்பும் வழி திறந்திருக்கிறதா? பெருந்தொற்றுக்குப் பிந்தைய பயணத் தேர்வுகள்

2020 மார்ச் மூன்றாவது வாரம். வேலை நிமித்தம் போயிருந்த நான் திரும்பும் வழியில் ஒரு பன்னாட்டு விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். புறப்பாட்டுப் பலகையில் வரிசையாகச் சிவப்பு ஏறிக்கொண்டிருந்தது. எதிர் இருக்கையில் ஓர் இளம் தாய். கைக்குழந்தையின் பால்புட்டியைக் கழுவ எழுந்து போவதும், குழாயடியில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்து அஞ்சித் திரும்புவதுமாக இருந்தார். மூன்றாவது முறை போய் வந்தபோது புட்டியைக் கழுவாமலே மூடிப் பைக்குள் வைத்துவிட்டார். சற்று நேரத்தில் என் விமானத்தின் வரியும் சிவந்தது: ரத்து.

என் கையில் இரண்டு டிக்கெட்டுகள் இருந்தன. வெவ்வேறு நிறுவனங்களில் தனித்தனியாக வாங்கியவை. ஒரே டிக்கெட்டாக வாங்குவதைவிட அப்படி வாங்கியதில் கொஞ்சம் மிச்சமாகியிருந்தது. முதல் நிறுவனம், இங்கே கொண்டுவந்து இறக்கியதோடு எங்கள் பொறுப்பு தீர்ந்தது என்றது. இரண்டாவது நிறுவனம் பணத்துக்குப் பதில் ஓராண்டுக்குள் பயன்படுத்த வேண்டிய கூப்பனைக் கொடுத்தது. அந்த ஓராண்டு முழுக்க எல்லைகள் மூடியே கிடந்ததால் அது காலாவதியானது. அந்த நாட்டுக்கு விசா இல்லாததால் வெளியே போய் ஓர் அறை எடுக்கவும் முடியவில்லை. இரண்டு இரவுகள் நாற்காலியிலேயே கழிந்தன.

அன்றிலிருந்து எந்தப் பயணத்தைத் திட்டமிட்டாலும் நான் முதலில் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: நடுவழியில் கதவு சாத்தப்பட்டால் இந்தப் பயணம் என்னை எந்த இடத்தில், எந்த நிலையில் விடும்? செலவு, தூரம், அழகு எல்லாம் அதற்குப் பிறகு. இந்தக் கட்டுரையில் ஒப்பிடும் தேர்வுகள் அனைத்தையும் இந்த ஒரே உரைகல்லில்தான் உரசிப் பார்க்கிறேன்.

பயணம் என்பதே முடிந்துபோனது என்று 2020-இல் பலர் எழுதினார்கள். அது நடக்கவில்லை. 2019-இல் உலகெங்கும் நாட்டின் எல்லை தாண்டிச் சுற்றுலா போனவர்களின் எண்ணிக்கை சுமார் 146 கோடி. 2020-இல் அது 40 கோடியளவுக்குச் சரிந்தது. 2024-இல் மீண்டும் 140 கோடியைத் தொட்டுவிட்டது. மனிதர்கள் பழையபடி கிளம்பிவிட்டார்கள். ஆனால், கதவுகள் ஒரே வாரத்தில் மூடக்கூடியவை என்பதை ஒரு தலைமுறை முழுவதும் நேரில் பார்த்துவிட்டது. அந்த அறிவை வீணாக்கக்கூடாது.

வரலாற்றிலும் கொள்ளைநோய்கள் பயணத்தின் மீது தழும்பு வைக்காமல் போனதில்லை. இன்று துப்ரோவ்னிக் என்று அழைக்கப்படும் ரகூசா நகரம், 1377-இல் நோய் பரவிய இடங்களிலிருந்து வருகிறவர்களை 30 நாள் வெளியே நிறுத்தி வைத்தது. பின்னர் அது 40 நாளானது. குவாரன்டைன் என்ற சொல்லே நாற்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்ததுதான். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழை இன்றும் பல நாடுகள் எல்லையில் கேட்கின்றன. கோவிட் சான்றிதழ்களை இப்போது யாரும் கேட்பதில்லை என்றாலும், 2024 ஜூன் மாதம் திருத்தப்பட்ட, உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேச சுகாதார விதிமுறைகளில் ‘பெருந்தொற்று அவசரநிலை’ என்ற புதிய படிநிலை சேர்ந்திருக்கிறது. அடுத்த முறைக்கு உலகம் ஆயத்தமாகிறது. பயணியும் ஆயத்தமாக வேண்டாமா?

ஒருவருக்கு ஆண்டில் மூன்று வார விடுப்பு, ஓராண்டுச் சேமிப்பு. இதை எப்படிச் செலவிடுவது?

மூன்று குறும்பயணங்களா, ஒரு நீண்ட பயணமா?

பெருந்தொற்றுக்கு முன்பு நான் முதல் கட்சி. ஐந்து நாள் ஒரு ஊர், ஐந்து நாள் இன்னொரு ஊர் என்று பிரித்துப் போவதில் மகிழ்ச்சி. இப்போது கணக்கு வேறு மாதிரி தெரிகிறது. மூன்று குறும்பயணங்களில் ஆறு நாட்கள் விமான நிலையத்திலும் வழியிலும் போய்விடும். எல்லையை ஆறு முறை கடக்க வேண்டும், விதிகளையும் படிவங்களையும் ஆறு முறை பார்க்க வேண்டும். ஒரே நீண்ட பயணத்தில் இது இரண்டோடு முடிகிறது. அதைவிட முக்கியமானது உடல்நலம். ஐந்து நாள் பயணத்தில் நான்கு நாள் காய்ச்சல் வந்தால் பயணமே இல்லை. மூன்று வாரப் பயணத்தில் அதே காய்ச்சல் வந்தால் அறையில் படுத்துக் குணமாகி, மீதி இரண்டு வாரத்தை நிம்மதியாகக் கழிக்கலாம். நோயோடு விமானமேறி மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டிய நெருக்கடியும் இல்லை.

எதிர்ப்பக்கத்தில் ஒரு வலுவான வாதம் உண்டு. நீண்ட பயணம் கிளம்பும் முன்பே முறிந்தால் ஆண்டு முழுவதற்குமான விடுப்பும் பணமும் ஒரே அடியில் போகும். குறும்பயணங்களில் ஒன்று போனால் இரண்டு மிஞ்சும். வீட்டில் சிறு குழந்தையோ படுக்கையில் இருக்கும் முதியவரோ இருந்தால் இந்த வாதம்தான் வெல்ல வேண்டும். அவர்கள் அருகில், குறுகிய நாட்களுக்கு, சில மணி நேரத்தில் திரும்பிவிடக்கூடிய தொலைவில் போவதே சரி. அந்தக் கட்டு இல்லாதவர்களுக்கு ஒரே நீண்ட பயணத்தைத்தான் நான் சொல்வேன். அதையும் ஐந்து ஊர்களாக நறுக்காமல் ஓரிரு ஊர்களில் தங்கிக் கழித்தால் இன்னும் நல்லது.

விமானமா, ரயிலா?

பலர் விமானத்துக்குள் இருக்கும் காற்றை நினைத்து அஞ்சுகிறார்கள். பறக்கும்போது அந்த அச்சத்துக்குப் பெரிய அடிப்படை இல்லை. பெரிய பயணிகள் விமானங்களில் காற்று மணிக்கு இருபது முதல் முப்பது முறை முழுவதுமாக மாறுகிறது. ஏறக்குறைய பாதி வெளிக்காற்று, மீதி மிக நுண்ணிய வடிகட்டியின் வழியாகச் சுத்தம் செய்யப்பட்டு வருவது. மருத்துவமனைகளில் பயன்படும் அதே வகை வடிகட்டி. ஆபத்து இருப்பது அதற்கு முன்னும் பின்னும்: பாதுகாப்புச் சோதனை வரிசை, விமானத்துக்கு அழைத்துப் போகும் நெரிசலான பஸ், இறங்கியதும் பாஸ்போர்ட் சோதனைக் கூடம். விமானத்துக்குள்ளும், எஞ்சின் ஓடாமல் காற்றோட்டம் குறைந்து நிற்கும் அந்த அரை மணி நேரம்தான் கவலைக்குரியது. முகக்கவசத்தை எப்போது அணிவது என்று கேட்டால், நடுவானத்தைவிட இந்த இடங்களைத்தான் சொல்வேன்.

எனவே காற்றை வைத்து ரயிலைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. ரயிலின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. வழியில் இறங்கலாம். மனம் மாறினால் அடுத்த நிலையத்தில் எதிர்த்திசை வண்டியைப் பிடிக்கலாம். கார்பன் வெளியீடும் பல மடங்கு குறைவு, அதிலும் மின்சார ரயில் என்றால் சொல்லவே வேண்டாம். பிரான்ஸ் அரசு, இரண்டரை மணி நேரத்துக்குள் ரயிலில் போய்விடக்கூடிய சில உள்நாட்டுத் தடங்களில் விமானத்தையே 2023-இல் தடை செய்தது. பாரிஸ் ஓர்லி நிலையத்திலிருந்து போர்தோ, நான்ட், லியோன் ஆகிய மூன்று ஊர்களுக்கான தடங்கள் அவை. சட்டத்தின் வீச்சு சிறிது என்றாலும், கணக்கு சரியானது. வீட்டிலிருந்து விமான நிலையம், அங்கே இரண்டு மணி நேரக் காத்திருப்பு, இறங்கி ஊருக்குள் வரும் நேரம் எல்லாவற்றையும் கூட்டினால் ஐந்து மணி நேர ரயில் தூரம் வரைக்கும் விமானம் எதையும் மிச்சப்படுத்தித் தருவதில்லை. அதற்கு மேல் போனால் விமானம்தான். ஆனால் நேரடி விமானம், அல்லது வழியில் ஒரே ஒரு விமான மாற்றம்.

‘சொந்த நாட்டுக்குள் போனால் அபாயமே இல்லை’ என்ற நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டாம். ஆஸ்திரேலியா 2020 மார்ச் 20 அன்று வெளிநாட்டவருக்கு எல்லையை மூடி, சுற்றுலாப் பயணிகளுக்கு 2022 பிப்ரவரி 21 அன்றுதான் திறந்தது. அந்த நாட்டுக்குள்ளேயே மேற்கு ஆஸ்திரேலிய மாநிலம் தன் எல்லையை 2022 மார்ச் வரை கட்டுப்படுத்தியது. ஒரே நாட்டுக் குடிமக்கள் அண்டை மாநிலத்திலிருந்த பெற்றோரைப் பார்க்க முடியாமல் தவித்தார்கள். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 2021 ஏப்ரலில் தங்களுக்குள் திறந்த தனிமைப்படுத்தலற்ற பயணப் பாதை மூன்று மாதத்தில் நின்றுபோனது. அருகில் இருப்பது உதவும். ஆனால் அருகில் இருந்தாலே வழி திறந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

கப்பல் சுற்றுலாவைப் பற்றி நான் அதிகம் யோசிப்பதில்லை. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் நிறுத்தப்பட்ட டயமண்ட் பிரின்சஸ் என்ற சுற்றுலாக் கப்பலில் 3,711 பேர் இருந்தார்கள். எழுநூறுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று. அதே மாதம் வெஸ்டர்டாம் என்ற கப்பலை ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து இடங்கள் திருப்பி அனுப்பின. கடைசியில் கம்போடியா இடம் கொடுத்தது. நடுவழியில் கதவு சாத்தப்பட்டால் என்ற கேள்விக்கு இதைவிட மோசமான பதில் வேறு எந்தப் பயணத்திலும் இல்லை. முதியவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதைத் தவிர்த்துவிடலாம்.

போய்த் தங்கி வேலை செய்வது

பெருந்தொற்று பெற்றெடுத்த உண்மையான புதுமை இது. 2020 ஜூலையில் பார்படாஸும் ஆகஸ்டில் எஸ்தோனியாவும் தொலைவிலிருந்து வேலை செய்பவர்களுக்கென்று தனி அனுமதி கொடுத்தன. பிறகு குரோஷியா, போர்ச்சுகல், ஸ்பெயின், ஜப்பான் என்று பட்டியல் நீண்டது. நம் உரைகல்லில் இது நன்றாகவே தேறுகிறது. கதவு மூடினாலும் அங்கே சட்டப்படி தங்கும் உரிமை இருக்கிறது, வருமானமும் நிற்பதில்லை.

ஆனால் இது மடிக்கணினியோடு முடிந்துவிடும் வேலைகளில் இருப்பவர்களுக்கு மட்டுமே. செவிலியருக்கும் ஓட்டுநருக்கும் ஆசிரியருக்கும் இந்தக் கதவு இல்லை. வருமானவரி விஷயத்தையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். பல நாடுகளில் ஓராண்டில் ஏறக்குறைய 183 நாட்களைத் தாண்டித் தங்கினால் அங்கேயே வரி கட்ட வேண்டியவர் ஆகிவிடுவீர்கள். அதோடு, இப்படிப் போகிறவர்கள் உள்ளூர்க்காரர்களின் வாடகையை ஏற்றிவிடுகிறார்கள் என்ற குறை போர்ச்சுகலின் லிஸ்பன் போன்ற நகரங்களில் உரக்கவே கேட்கிறது. அதில் நியாயம் இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். வாய்ப்பிருந்தால் நெரிசலான தலைநகரை விட்டு, வீடுகள் காலியாகக் கிடக்கும் சிற்றூரைத் தேடுவது அந்த ஊருக்கும் நல்லது.

நேரிலா, திரையிலா?

2019 டிசம்பரில் ஸூம் செயலியின் காணொளிக் கூட்டங்களில் நாளொன்றுக்கு ஒரு கோடிப் பங்கேற்புகள். 2020 ஏப்ரலில் 30 கோடி. அந்த ஆண்டு நவம்பரில் பில் கேட்ஸ், தொழில்முறைப் பயணங்களில் பாதிக்கு மேல் இல்லாமல் போய்விடும் என்றார். அவ்வளவு போகவில்லை. ஆனால் ஒரு மணி நேரக் கூட்டத்துக்காக இரவு விமானம் ஏறி, மறுநாள் இரவே திரும்பும் பழக்கம் பல இடங்களில் நின்றுவிட்டது. அது நின்றது நல்லதே.

வேலை சார்ந்த பயணத்தில் நான் வைத்திருக்கும் எல்லைக்கோடு இது: ஏற்கெனவே பழகியவர்கள், தெரிந்த விஷயம், முடிவு மட்டும் தேவை என்றால் திரை போதும். முதல் சந்திப்பு, மனத்தாங்கல், கண்ணால் பார்த்துக் கையால் தொட்டு அறிய வேண்டிய இடமோ இயந்திரமோ என்றால் போக வேண்டும். மனத்தாங்கலைத் திரையில் தீர்க்கப் போனால் அது பெரும்பாலும் முற்றிவிடும். மௌனமாக இருப்பவர் யோசிக்கிறாரா, கோபமாக இருக்கிறாரா, இணைப்பு நின்றுவிட்டதா என்றே தெரியாது.

உறவுகள் விஷயத்தில் எனக்கு ஒப்பீடே தேவைப்படவில்லை. வேறொரு நாட்டில் மாமாவோடு வாழ்ந்த என் அத்தை 2020 இறுதியில் மருத்துவமனையில் இருந்தார். மாமாவையும் உள்ளே விடவில்லை. ஒரு செவிலியர் பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட கைக்கணினியை அத்தையின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அத்தையால் பேச முடியவில்லை. கையைத் தூக்கித் திரையில் தெரிந்த என் கன்னத்தை ஒரு விரலால் தடவினார். விரல் எந்தப் பொத்தானில் பட்டதோ, அழைப்பு துண்டிக்கப்பட்டது. திரும்ப அழைத்தபோது செவிலியர் வேறு படுக்கைக்குப் போய்விட்டிருந்தார். அதுதான் நான் அத்தையைக் கடைசியாகப் பார்த்தது.

ஆகவே சேமிப்பு ஒரு பயணத்துக்குத்தான் போதும் என்றால், எந்த மலையும் கடற்கரையும் வேண்டாம். வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்குப் போங்கள். சுற்றுலாக் கூட்டத்தால் சீரழிந்த தாய்லாந்தின் மாயா விரிகுடாவை 2018-இல் மூடி, 2022 ஜனவரியில் கட்டுப்பாடுகளோடு திறந்தார்கள். அதற்குள் அங்கே பவளங்கள் தழைத்தன, சுறாக்கள் திரும்பி வந்தன. இடங்கள் காத்திருக்கும், காத்திருந்தால் சில இடங்கள் இன்னும் நன்றாகக்கூட ஆகும்.

மலிவான டிக்கெட்டா, மாற்றக்கூடிய டிக்கெட்டா?

இங்குதான் பலர் பணத்தை இழந்தார்கள். எனவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

விமான நிறுவனம் விமானத்தை ரத்து செய்வதும் நீங்கள் உங்கள் பயணத்தை ரத்து செய்வதும் வேறு வேறு. ஐரோப்பிய ஒன்றியத்திலும் அமெரிக்காவிலும், நிறுவனம் ரத்து செய்தால் பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை பயணிக்கு உண்டு. கூப்பனை ஏற்றே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் விமானம் திட்டப்படி பறக்கிறது, போகிற நாடு உங்களை உள்ளே விடாது என்ற நிலையில் நீங்களே ரத்து செய்தால் மலிவான டிக்கெட்டில் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. 2020-இல் பதறிப்போய் முதல் நாளே ரத்து செய்தவர்கள் பணத்தை விட்டார்கள். நிறுவனமே ரத்து செய்யட்டும் என்று பொறுத்தவர்களில் பலருக்குப் பணம் கிடைத்தது. கிளம்பும் நாள் நெருங்கும்வரை பொறுப்பதுதான் பொதுவாக லாபம்.

அடுத்தது, ஒரே முன்பதிவா, தனித்தனியா என்பது. இரண்டு விமானங்களும் ஒரே முன்பதிவில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் உங்களை ஊர் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. தனித்தனியாக வாங்கியிருந்தால் நீங்கள் ‘வராத பயணி’. பெட்டியை நீங்களே எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும், அதற்கு அந்த நாட்டுக்குள் நுழையும் விசாவும் தேவைப்படலாம். 2022 கோடையில் ஆட்பற்றாக்குறையால் ஐரோப்பிய விமான நிலையங்கள் திணறியபோது, லண்டன் ஹீத்ரோ நாளொன்றுக்குப் புறப்படும் பயணிகளை ஒரு லட்சமாகக் கட்டுப்படுத்தியது. அப்போது தனித்தனி டிக்கெட் வைத்திருந்தவர்களின் நிலை என் இரண்டு இரவுகளைவிட மேலாக இருந்திருக்காது.

தேதியை மாற்றக்கூடிய டிக்கெட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாமா என்றால், திரும்பும் பயணத்துக்கு நிச்சயம் கொடுக்கலாம். முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் டிக்கெட்டின் விலை பலருக்குக் கட்டுப்படியாகாது. அது தேவையுமில்லை. தேதியை மாற்றுவதற்கென்று தனிக் கட்டணம் இல்லாத, டிக்கெட் விலையின் வித்தியாசத்தை மட்டும் செலுத்தினால் போதும் என்ற நடுத்தர வகையே நடைமுறைக்குப் பொருந்துகிறது. 2020 ஆகஸ்ட் இறுதியில் யுனைடெட் உள்ளிட்ட பெரிய அமெரிக்க விமான நிறுவனங்கள் பல வகை டிக்கெட்டுகளுக்குத் தேதி மாற்றும் கட்டணத்தை எடுத்துவிட்டன. பெருந்தொற்று பயணிக்குத் தந்த ஒரு சில நன்மைகளில் அது ஒன்று. ஆனால் மிக மலிவான வகைக்கு அந்தச் சலுகை பெரும்பாலும் பொருந்தாது. வாங்கும் முன் அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்.

காப்பீட்டை எல்லோரும் பரிந்துரைப்பார்கள். நானும் செய்கிறேன், ஒரு எச்சரிக்கையோடு. ஒரு நோய்ப்பரவல் பொதுவெளியில் அறியப்பட்ட பிறகு வாங்கும் பாலிசி, பொதுவாக அந்தப் பரவலால் ஏற்படும் ரத்துக்குப் பணம் தராது. ‘போகப் பயமாக இருக்கிறது’ என்ற காரணத்தையும் ஏற்காது. எந்தக் காரணத்துக்காகவும் ரத்து செய்யலாம் என்ற கூடுதல் வகை சில நாடுகளில் கிடைக்கிறது. அதிலும் செலவில் பாதி முதல் முக்கால் பங்குதான் திரும்பும். டிக்கெட் வாங்கிய சில நாட்களுக்குள் எடுத்தாக வேண்டும். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், ரத்துக்கான காப்பீட்டைவிட வெளிநாட்டு மருத்துவச் செலவையும் நோயாளியை ஊருக்குக் கொண்டுவரும் செலவையும் ஏற்கும் காப்பீட்டைத் தேர்ந்தெடுங்கள். இழந்த டிக்கெட்டின் பணத்தை ஓராண்டில் சம்பாதித்துவிடலாம். அயல்நாட்டு தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டணம் ஒரு குடும்பத்தையே சாய்த்துவிடும்.

இந்த ஆண்டு என் மூன்று வாரத்துக்கு நான் எடுத்த முடிவு இது: ஒரே பயணம், ஒரே ஊர், நேரடி விமானம், மருத்துவக் காப்பீடு, கடைசி மூன்று நாட்களில் எந்த வேலையும் வைத்துக்கொள்ளாத திட்டம். விலை குறைவாக இருந்த டிக்கெட்டைப் பார்த்து ஒரு கணம் கை நின்றது. பிறகு மாற்றக்கூடியதையே வாங்கினேன். அத்தை போன பிறகு மாமா தனியாகத்தான் இருக்கிறார். அவரைத் தொலைபேசியில் அழைத்து, நான் வரும் தேதியைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.

“எத்தனை நாள் இருப்பாய்?” என்றார்.

“திரும்பும் தேதியை மாற்றிக்கொள்ளலாம், மாமா” என்றேன்.